அடுத்தவங்க கலீஜ்

ஞானபாக்கியம் மாநகராட்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். போதாதென்று தோன்றியதால் மறுபடியும் கழுவினாள். ஆபீசில் போட்ட மாலை இன்னும் கழுத்தில்தான் கிடந்தது. அந்தக் கோலத்திலேயே வாசலுக்கு வந்து, ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. இன்னியோட முடிஞ்சிது. இனிமே அடுத்தவங்க கலீஜை என் கை தொடாது. ஏசப்பா சாட்சியா சொல்றேன்."

மாடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். பிரிவு உபசார விழாவில் பிரியாணி தின்ற மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் மயக்கத்தில் பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ராயபுரம் தெருக்களில் துப்புரவுப் பணியாளராக இருந்தவள். கடைசிக் காலத்தில் மேலிடத்தில் மனமிரங்கி, அந்தப் பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறிய செய்தி தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அது பழைய மாதிரியேதான் நாறிக்கொண்டிருந்தது.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். குடியிருப்பில் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஜனங்கள் நேராக வந்து அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அள்ளு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிவிட மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம் இருந்தது. "அக்கா, சாக்கடை அடச்சிக்கினு கீது" என்று ஒரு தகவல் மாதிரிச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்கள். "அப்டியா, அய்யய்யோ" என்று இவளும் வருத்தப்பட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். சர்ச்சில் சிரமதானம் என்றால் பீடத்துக்குப் பூ வைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். துடைப்பம் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டாள்.

சும்மா இருக்க முடியாமல் அவள் போட்டதுதான் தோட்டம். தரைத்தளத்தில் அவள் வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே நாலு முழ அகலத்தில் ஓர் இடம் சும்மா கிடந்தது. மணலி புதுநகரில் வாழ்க்கைப்பட்ட மகள் வீட்டுப் பக்கத்திலிருந்து செம்மண்ணைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டினாள். கல் பொறுக்கி, சல்லடையில் சலித்து, மாவு மாதிரி ஆக்கினாள். கத்தரி, ரோஜா, சிறுகீரை, ஒரு கருவேப்பிலை. உறையில்லாத வெறுங்கையை மண்ணுக்குள் விட்டுக் கிளறுவதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மண் அழுக்கே இல்லை என்பது அவள் கட்சி. அது யார் உடம்பிலிருந்தும் வந்ததில்லை.

காசிமேட்டில் மீன் வாங்கும் எந்த வீட்டையும் போல அவளும் மீன் கழுவின தண்ணீரைக் கருவேப்பிலைக்குத்தான் ஊற்றினாள். குடலையும் செதிலையும் ரோஜாவுக்கு அடியில் புதைத்தாள். செடிகள் கொழுகொழுவென்று வந்தன. கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசியும் சிமென்டுமாக இருக்கிற அந்த வட்டாரத்திலேயே மெத்தென்ற மண் இருந்த இடம் அது ஒன்றுதான். அதில் மீன் வாசனை வேறு. அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கு இதைவிட மரியாதையாக யாரும் அழைப்பு அனுப்பியிருக்க முடியாது.

ஒரு நாள் காலை கீரைக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். விரலுக்கு ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. அது என்ன என்று அவளுக்கு மூக்கு சொல்ல வேண்டியதில்லை, விரலே சொல்லிவிட்டது. ஊரே சேர்ந்து அசைக்க முடியாத சபதத்தை ஒரு பூனை வந்து இரவோடு இரவாக உடைத்துவிட்டது. கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. குழாயடிக்கு ஓடிப்போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கழுவிய ஈரத்தோடு போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர் வீட்டில் இருந்தவள் ரசூல் பீவி. புருஷன் மஜீது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர், வேலை முடிந்து வரும்போது ஒருநாள் சட்டைப் பைக்குள் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் காலமானார், குட்டி பெருகியது. தினமும் மீன் தலையை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வாசலில் வைப்பாள் பீவி. எத்தனை பூனை என்று அவளுக்கே தெரியாது.

"பீவி, உன் பூனைங்க என் தோட்டத்த கக்கூசாக்கி வச்சிக்கினு கீதுங்க. வந்து அள்ளு."

"என் பூனையா? என் பூனை எங்கக்கா கீது? வருது, துண்ணுது, போவுது. வாயில்லா ஜீவன், பசிக்குதேன்னு சோறு வைக்கிறேன்."

"சோறு துண்றப்போ உன்து, பேலறப்போ ஊரோடதா?"

பீவிக்குச் சுருக்கென்றது. "நீ மீன் தண்ணிய ஊத்தி, குடல பொதச்சி வைப்பே. அதுக்குப் பூனை வராம அணிலாக்கா வரும்?"

இது ஞானபாக்கியம் எதிர்பார்க்காத அடி. அந்த இடத்தில் பீவி நிறுத்தியிருக்கலாம். ஜெயிக்கிற நேரத்தில் யார் நிறுத்துகிறார்கள்?

"இத்துக்குப் போய் இவ்ளோ பேஜாரு பண்றியே. மண்ணோட ஒரு வாட்டி அள்ளிப் போட்டா ஆச்சி. நீ பாக்காத கலீஜாக்கா?"

சொன்ன பிறகுதான் எதிரில் நின்றவளின் முகத்தை அவள் பார்த்தாள். ஞானபாக்கியம் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இந்தப் பக்கம் போகவில்லை, அந்தப் பக்கமும் வரவில்லை. நோன்பு மாசத்தில் வழக்கம்போல ஒரு தூக்கு நோன்புக் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனாள் பீவி. இவளும் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், எடுக்கவில்லை. மூடியைத் தள்ளிவிட்டுக் கஞ்சியைப் பூனைகள் குடித்தன. குடித்த கையோடு தோட்டத்துக்குப் போயின.

ஞானபாக்கியம் முள் வைத்துப் பார்த்தாள், மிளகாய்த்தூள் தூவினாள், பிளீச்சிங் பவுடர் போட்டதில் கீரை செத்தது. பூனைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டன. அவள் அள்ளவும் இல்லை. சேர்ந்துகொண்டே போனது. ஆசையாகப் போட்ட தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாமல் ஜன்னலில் நின்று பார்க்கும்படி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் சங்கத்தில் முறையிட்டாள்.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அன்பரசன். கன்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர். எந்தப் பிரச்சினையையும் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் தீர்ந்துவிடும் என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூம் முன்னால் கூட்டம் போட்டான். பூனையைப் பற்றிப் பேச வந்தவர்கள் தண்ணீர் லாரி, லிப்ட் இல்லாதது, மூன்றாவது மாடியின் துணி இரண்டாவது மாடியில் சொட்டுவது எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் பூனைக்கு வந்தார்கள்.

"இது சின்ன மேட்டரு," என்றான் அன்பரசன். "மோட்டார் ரூம் பின்னாடி ஒரு மணல் தொட்டி கட்டிடலாம். பூனைங்க அங்கே போவட்டும். பிராப்ளம் சால்வ்டு."

எல்லோரும் தலையாட்டினார்கள். பூனைகளிடம் இதை யார் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது மாடி வில்சன் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்தத் தொட்டிய தெனம் யாரு கிளீன் பண்றது?"

யாரும் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் திரும்பின. முன்வரிசையில் முறையிட வந்து உட்கார்ந்திருந்த ஞானபாக்கியத்தின் மேல் அத்தனை பார்வைகளும் வந்து நின்றன. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழை வந்தால் குடையைத் தேடுகிற மாதிரி, கலீஜ் என்றதும் அவளைத் தேடினார்கள்.

"யம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் அன்பரசன். "உங்கள வேல செய்யச் சொல்லல. சுகாதார ஆலோசகர்னு ஒரு கவுரவப் பதவி. போர்டுல பேரே எழுதிடறோம். நீங்க சும்மா மேற்பார்வை பாத்துக்கினு, அப்டியே கையோட…"

"ஒங்களுக்குப் பழக்கமும் கீது சிஸ்டர்," என்றார் வில்சன். சர்ச்சில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சு அவர்.

ஞானபாக்கியத்துக்கு எழுந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் குரல் உடைந்துவிடும், இவர்கள் முன்னால் அழக் கூடாது. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். எவ்வளவு கழுவினாலும் இவர்கள் கண்ணில் இந்தக் கை அந்தக் கைதான். பதவிக்கு ஒரு புதுப் பெயர், அவ்வளவுதான். அவள் பார்க்காத பெயர்மாற்றமா?

தலையைத் தூக்கியபோதுதான் கவனித்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்ற ரசூல் பீவி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கள இன்னாத்துக்கு எல்லாரும் பாக்கிறீங்க?" என்றாள் பீவி, செருப்பைப் பார்த்தபடியே. "அது என் பூனைங்க. நான் அள்றேன்."

"ஒங்க பூனை இல்லன்னு சொன்னீங்களே, பீவிம்மா," என்றான் அன்பரசன்.

"நேத்து வரிக்கும் இல்ல. இப்போ என்து."

கூட்டம் கலைந்தது. மணல் தொட்டியும் கட்டினார்கள். பூனைகள் அதைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பின. தொட்டியின் மணலை மாடிக்காரர் ஒருவர் பாத்ரூம் பூச்சு வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார். ஆனால் பீவி சொன்னபடி மறுநாள் காலையே வந்துவிட்டாள். ஒரு கையில் பழைய தோசைக் கரண்டி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் முறம், மூக்கைச் சுற்றி முந்தானை.

ஞானபாக்கியம் ஒரு நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். பீவிக்கு வேலை தெரியவில்லை. கரண்டியைத் தட்டையாகப் பிடித்து இழுத்தாள், பாதி மண்ணில் அப்பிக்கொண்டது. குமட்டலில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஞானபாக்கியம் எதுவும் சொல்லித்தரவில்லை. தன் வாசலில் கிடக்கிற அசிங்கத்தை வேறொருத்தி குனிந்து அள்ளுவதை வாழ்க்கையில் முதல்தடவையாக உட்கார்ந்து பார்க்கிறாள். பாவமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், ருசியாக இருந்தது. மறுநாள் டீத் தம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் வரும்போது முதுகுக்கு ஒரு தலையணையும் இருந்தது.

அன்று பீவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு நானும் அப்டிதானே சொன்னேன்க்கா. நீ பாக்காத கலீஜான்னு."

"ஆமா. சொன்னே."

"வாய்ல வந்துட்சி. வந்திருக்கக் கூடாது."

ஞானபாக்கியம் டீயைக் குடித்தாள். மனசுக்குள் இருந்த ஒரு பாரம் இறங்கியது. இனிமேல் பீவியை மன்னித்துவிடலாம் போலிருந்தது. மன்னிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

பீவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அவ்ளோதானாக்கா? இன்னும் எங்கனா கீதா பாரு."

"அங்கே," என்று ஞானபாக்கியம் காலை நீட்டினாள். பெருவிரலால் ரோஜாச் செடியின் அடியைக் காட்டினாள். பீவியும் அந்தக் காலைப் பார்த்து, அது காட்டிய பக்கம் குனிந்தாள்.

நீட்டிய கால் நீட்டியபடியே நின்றது. தெருத்தெருவாக, வாசல் வாசலாக, அவளுக்குக் காட்டியவர்கள் எல்லோரும் இப்படித்தான் காட்டினார்கள். ஒருவர்கூடக் கை நீட்டியதில்லை. செருப்புப் போட்ட கால்கள், கொலுசு போட்ட கால்கள், மருதாணி வைத்த கால்கள். அங்கே, அதோ, இதையும். அந்த வீட்டுக்காரர்களின் முகம் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை. பெருவிரல்களை மட்டும் இன்றைக்கும் அடையாளம் சொல்வாள். அந்த வரிசையில் இப்போது அவளுடையதும் சேர்ந்திருந்தது. அதற்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது.

காலைச் சட்டென்று புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். பீவி பார்க்கவில்லை, அவள் செடிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். ஞானபாக்கியம் எழுந்து நாற்காலியை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். முட்டி கடகடக்கத் தோட்டத்து மண்ணில் பீவிக்குப் பக்கத்தில் குந்தினாள். சபதம் சபதம்தான், அதைத் தொடவில்லை. விரலை நீட்டி, அது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இந்தா, இங்கே கீது. கரண்டிய சாய்ச்சிப் புடி, பீவி. மண்ணோட சேத்து எடு."

பீவி முந்தானைக்கு மேலாகக் கண்ணை உயர்த்திப் பார்த்தாள். "இன்னாக்கா, கீழ வந்து குந்திக்கினே?"

"நாற்காலி குத்துது," என்றாள் ஞானபாக்கியம்.