நடைமேடை நீண்ட நாள்

நகரின் ஆரவாரம் ஓய்ந்து, தோட்டம் சூழ்ந்த சிறு வீடுகள் தொடங்கும் எல்லையிலே, மேலைவானம் செம்பொன் குழைத்துப் பூசினாற்போல் ஒளிர்ந்த ஒரு மாலைப்பொழுதில், ஓட்டுக்கூரை வேய்ந்த அந்தச் சின்னஞ்சிறு தொடர்வண்டி நிலையம் புத்தாடை உடுத்த பிள்ளையைப்போல் பூரித்து நின்றது. முன்னாளில் நீராவி வண்டிகள் நீர்வேட்கை தணித்துக்கொள்ள மட்டுமே நின்ற இடம் அது. தண்ணீர்த் தொட்டியைக் காக்க வந்தவன் ஒரு குடில் அமைக்க, அவனுக்குக் காய்கறி விற்க வந்தவள் பக்கத்திலே மற்றொன்று அமைக்க, குடில்கள் தெருவாகி, தெரு புறநகராகி வளர்ந்தது. காலையில் வேலைக்குச் செல்வோரை நகருக்கு அனுப்புவதும், மாலையில் அவர்களைப் பழுதின்றி வீட்டாரிடம் திருப்பிக் கொடுப்பதுமே நிலையத்தின் அன்றாடத் தொண்டாயிற்று.

ஆயினும் படிப்போரே, அந்நிலையத்துக்கு ஒரு குறை இருந்தது. அதன் நடைமேடை வண்டியைவிடக் குட்டை. முன்பெட்டிகள் மட்டுமே மேடையை ஒட்டி நிற்கும். பின்பெட்டிகளில் வந்தோர் சரளைக்கல்மீது குதிக்க வேண்டும். ஆதலால் ஊரார் அனைவரும் முன்பெட்டிகளிலேயே முண்டியடித்து ஏறுவர். இது தெரியாத வேற்றூரார் எவரேனும் பின்னே மாட்டிக்கொண்டால், நிலையத் தலைவர் ஒரு மர முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தொப்பி ஒருபுறம் சரிய ஓடிச்சென்று அவர்களை இறக்கிவிடுவார்.

அப்படித்தான் ஒருநாள் கடைசிப் பெட்டியிலிருந்து தையற்பொறி ஒன்றும் அதற்குரிய பெண்ணும் இறக்கப்பட்டனர். நாற்பதைக் கடந்தும் மணம் கொள்ளாதிருந்த நம் தலைவர், பொறியைத் தோளிலே சுமந்து, அவள் குடிவந்த வீட்டின் வாயில்வரை கொண்டு சேர்த்தார். வெறுங்கையோடு திரும்பியவர் மனத்தையும் அங்கேயே விட்டுவந்தார் என்பதைப் பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்திருந்த அவருடைய தங்கை அன்றே கண்டுகொண்டாள்.

மேடையை நீட்டித் தரவேண்டி மேலிடத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சியும் வாதாடியும், ஒருவழியாக இசைவு பெற்றுவிட்டார் தலைவர். அத்தனை பெரியவர்களிடம் வாய் ஓயாது பேசியவருக்குத் தையற்காரியைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேடைப்பணி முடியும் தறுவாயில்தான், தம்மை மணக்க இசைவாளா என்று துணிந்து கேட்டார். அவள் நிலம் நோக்கவுமில்லை, நாணிச் சிவக்கவுமில்லை; நகரிலுள்ள தமையனைக் கலந்து வருவதாகச் சொன்னாள்.

"மேடை திறக்கிற அன்னைக்குச் சாயங்கால வண்டியில நான் வந்தா, சம்மதம்னு வச்சுக்குங்க. வரலைன்னா, இதைப் பத்தி நாம அப்புறம் பேச வேண்டாம்."

அந்த நாளும் வந்தது. நண்பகலில் மேலிடத்தார் மேடையைத் திறந்துவைத்து, உரையாற்றிக் கலைந்து சென்றனர். அவர்கள் புகழ்ந்ததில் ஒரு சொல்லும் தலைவர் காதில் ஏறவில்லை. மாலையில் கண்ணாடிமுன் நின்றவரைத் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னும் ஒரு தடவை சீவினா சீவறதுக்கு முடி மிஞ்சாது. வெளியில வா, வண்டி வந்துடுச்சு."

நீண்ட மேடை முழுவதையும் நிறைத்துக்கொண்டு வண்டி வந்து நின்றது. தலைவர், எத்தனையோ ஆண்டுகளாக நின்ற அதே முன்கோடியில், பச்சைக்கொடியைக் கையிலே சுருட்டிப் பிடித்தபடி நின்றார். பழகிய கால்களை யார் மாற்றுவது? ஊராரும் வழக்கம்போல் முன்பெட்டிகளிலிருந்தே நெருக்கியடித்து இறங்கினர். பள்ளி ஆசிரியை இறங்கினாள், தச்சர் இறங்கினார், கைக்குழந்தையோடு ஓர் இணையர் இறங்கினர். ஒவ்வொரு முகமாகத் தேடித் தேடிச் சலித்தன அவர் கண்கள். பெட்டிகள் ஒழிந்தன, அவளைக் காணவில்லை. தம் துயருக்காக ஊரார் வண்டி காத்திருக்கலாகாது என்று எண்ணியவராய்க் கொடியை உயர்த்தினார். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி அவரைக் கடக்கும்போது, அதன் வாயிலில் நின்ற வண்டிக்காப்பாளர் சிரிப்பை அடக்கமாட்டாமல் குனிந்தார்.

"சார், நீங்க கட்டின பிளாட்பாரம் அந்தப் பக்கமும் இருக்கு. கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்."

திரும்பினார். புதிய மேடையின் மறுகோடியில், கையிலே ஒரு சிறு பெட்டியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். தலைவர் ஓடினார், பாதியில் தம் பதவி நினைவுக்கு வர நடந்தார், பின்னர் பதவியை மறந்து மீண்டும் ஓடினார். சாளரத்திலே தங்கை வாய்பொத்திச் சிரித்தாள்.

"உங்க புது மேடையில முதல்ல நான்தான் இறங்கணும்னு வேணும்னே கடைசிப் பெட்டியில ஏறினேன்" என்றாள் தையற்காரி. "நீங்க என்னடான்னா இந்தப் பக்கமே பார்க்காம கொடியைக் காட்டிட்டீங்க."

"எல்லாரும் இங்க இறங்கலாம்னுதான் கட்டினேன். எனக்குன்னு ஒருத்தர் இறங்குவாங்கன்னு தோணவே இல்லை" என்றார் அவர். கண் கலங்கிற்று, அதை மறைக்க அவர் முயலவுமில்லை.

பிறர்க்கென வழி சமைப்போர், அவ்வழியே தமக்கும் ஒரு நன்மை வந்துசேரும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வந்த பின்னரும் யாரேனும் தோளைத் தொட்டுத் திருப்பினாலன்றிக் காண்பதில்லை. அவள் பெட்டியைத் தாம் வாங்கிக்கொண்டு, பொன்வெயிலில் அவளோடு அடிமேல் அடிவைத்து நடந்தார் தலைவர். இத்தனை பாடுபட்டு நீட்டிய அந்த மேடை, அன்று மாலை, அவருக்கு நீளம் போதவில்லை.