முகம் பார்க்காத சவாரி

விளக்கறை அக்காவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவதும், வாசலில் நின்றுவிட்டு உள்ளே ஓடுவதுமாக இருந்தாள். பால் பொங்கித் தீய்ந்த வாசனையை எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தவர்கள்தான் முதலில் பிடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெருவுக்கே தெரியும். வெளியூரில் இருக்கும் மகள், மாடியில் ரூம் தயார், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டாள். வீட்டை வாங்க ஒரு தையல்கடைக்காரர் சாயங்காலம் கடைசிப் பதில் கேட்டு வருகிறார். அக்கா எப்போதோ தயார். புருஷனிடமிருந்துதான் பதில் வரவில்லை. நிலக்கரி வெட்டிய அந்த மனுஷனுக்குத் தெரு வைத்த பெயரே கமுக்கம். "வீட்டை வித்துடலாமா?" என்றால் சட்டையை மாட்டுவார். "மக வீட்டுக்குப் போயிடலாமா?" என்றால் செருப்பைத் தேடுவார். அன்றைக்கும் அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவிவிட்டார்.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில், உள்ளே இறங்குகிற ஆட்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கிற விளக்கறையில் வேலை பார்த்தவள். எவன் குடித்துவிட்டு வந்தான், எவன் வீட்டில் சண்டை போட்டு வந்தான் என்று விளக்கை வாங்குகிற கையை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் புருஷன் காலையில் எங்கே போகிறார் என்று தெரியாதது இந்தத் தெருவுக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

சுரங்கத்தை மூடியபிறகு ஊர் பூங்காவாகிவிட்டது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஏரி. கொட்டிய கழிவு மண்ணில் புல் முளைத்துக் குன்று. கரி வண்டி ஓடிய தண்டவாளத்தைப் பிடுங்கிய இடத்தில் சைக்கிள் பாதை. எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து படகு மிதிக்கிறார்கள், பழைய இரும்புக் கோபுரத்தடியில் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரார் எல்லாருக்கும் இங்கே பொழுது போகிறது. அக்காவுக்கு மட்டும் போகவில்லை. சுரங்கத்துச் சங்கு ஊதுவதற்குக் காத்திருந்தே பழகிய உடம்பு. இப்போது எதற்குக் காத்திருப்பது என்று தெரியாமல் பரபரத்தது.

முதலில் ஏரிக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரா தம்பி?"

"வந்தாரு, போனாரு. தினமும் நடக்குறதுதானேக்கா," என்றார் படகுக்காரர்.

"தினமுமா? பெஞ்சுல உட்கார்ந்துட்டு வர்றேன்னுல்ல சொல்லுவாரு."

"அண்ணன் பெஞ்சுல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லியே. ரெண்டு பேரும் நிக்காம போய்ட்டே இருப்பாங்க."

"எந்த ரெண்டு பேரு?"

படகுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கட்டியிருந்த படகை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வயசில் கூட ஒரு ஆளா! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குன்றில் ஏறினாள். உச்சியில் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு போய் அதில் கண்ணை வைத்தாள்.

"அம்மா, நாங்களும் பார்க்கணும். ஏரி அந்தப் பக்கம் இருக்கு," என்றான் குடும்பத்தோடு வந்த ஒருவன்.

"ஏரி எங்கயும் ஓடிடாது. என் புருஷன் ஓடிட்டிருக்காரு. கொஞ்சம் பொறுங்க."

பின்னால் நின்றவர்கள் ஓர் அடி தள்ளி நின்றார்கள். அவன் மனைவி மட்டும், "கிடைச்சாராம்மா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

கிடைத்தார். சைக்கிள் பாதையில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார் கமுக்கம். அதில் போர்வையும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அக்கா வாயைப் பிளந்தாள். முசுடு!

முசுடு யாரென்று சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் கமுக்கத்துக்குக் கூட்டாளி. ஒருவர் வெட்ட, ஒருவர் அள்ள, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். சுரங்கம் மூடுகிற அன்று எல்லாரையும் நிற்கவைத்து எடுத்த போட்டோவில் கமுக்கத்தின் தலை முசுடின் முகத்தை மறைத்துவிட்டது. "வேணும்னே மறைச்சே." "உன் மூஞ்சியை யாருய்யா பார்க்கப்போறா?" அவ்வளவுதான், இனி செத்தாலும் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று ரெண்டு பேரும் நடுத்தெருவில் சபதம் போட்டார்கள். அப்புறம் முசுடுக்குக் கரித்தூள் நெஞ்சில் இறங்கி நடையும் போய்விட்டது. மகன் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனி ஆள்.

இறங்கி ஓடினாள் அக்கா. பாதையில் மரநிழலில் அவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் நடந்தாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. தள்ளுகிறவர் பின்னால், உட்கார்ந்தவர் முன்னால். ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்கவே வேண்டியதில்லை! சபதம் அப்படியே பத்திரம். பேச்சும் கிடையாது. முசுடு நாற்காலிக் கைப்பிடியில் மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டினார், வண்டி நின்றது. ரெண்டு தட்டு, சரிவில் இறங்கியது. ஆட்களை ஏற்றி இறக்குகிற சுரங்கக் கூண்டுக்கு அடிக்கிற மணிக்கணக்கு அது: ஒன்று நில், ரெண்டு இறங்கு, மூன்று மேலே போ. விளக்கறையில் நாள் முழுக்க அந்த மணியைக் கேட்டவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"நல்லா இருக்குய்யா உங்க கூத்து!"

கமுக்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா விடவில்லை. "சாயங்காலம் வீடு வாங்குறவர் வர்றார். மக வீட்டுக்கு வர்றீங்களா இல்லையா? இங்கயே சொல்லுங்க."

கமுக்கம் மரத்தைப் பார்த்தார். முசுடுதான் மூச்சுவாங்கிக்கொண்டு கேட்டார். "வீட்டை விக்கிறீங்களா தங்கச்சி? எனக்கு யாரும் சொல்லலியே."

"எனக்கே பதில் சொல்லலண்ணே. உங்ககிட்ட எங்க சொல்லப்போறாரு?"

முசுடு கைப்பிடியில் தட்டினார். மூன்று.

கமுக்கம் பின்னாலிருந்த இரும்பில் தட்டினார். ஒன்று.

மறுபடி மூன்று, இம்முறை ஓங்கி. இருமல் வந்துவிட்டது அவருக்கு. கமுக்கம் குனிந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி, இன்னொரு கையால் தட்டினார். ஒன்று.

இத்தனை மாதமாக வீட்டில் வராத பதில், இதோ வந்துவிட்டது: போக மாட்டார். அக்காவுக்கு அழுகை வரும்போலவும் இருந்தது, நாற்காலியோடு ரெண்டு பேரையும் ஏரியில் தள்ளிவிடலாம்போலவும் இருந்தது. அந்த முதுகைத் தடவுகிற கையைப் பார்த்தாள். அதை இழுத்துக்கொண்டு போனால் மாடி ரூமில் ஒரு ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தான் இங்கே இருந்தாலோ, இன்னும் எத்தனை பால் தீயுமோ.

"சரி. வீட்டை விக்க வேணாம்," என்றாள்.

கமுக்கத்தின் முகம் மலர்ந்தது.

"நான் மட்டும் போறேன்."

மலர்ந்த வேகத்தில் சுருங்கியது. "நீ மட்டுமா? எப்ப வருவே?"

"தெரியாது."

"அப்ப சோறு?"

"அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னு தேடுங்க. கரியைத் தேடி பூமிக்குள்ளயே போன ஆளு, இது முடியாதா?"

முசுடு குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "பருப்பு வேக வைக்க எனக்குத் தெரியும்," என்று பாதையைப் பார்த்தே சொன்னார். போட்டோ எடுத்த நாளிலிருந்து கமுக்கத்துக்கென்று அவர் வாய்திறந்து சொன்ன முதல் சமாசாரம் பருப்புதான்.

"குழைச்சிடுவே," என்றார் கமுக்கம்.

சாயங்காலம் வந்த தையல்கடைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். தெருவில் ஒரு வீடு விடாமல் அவர்கள் பிரிந்துவிட்டதாகப் பேச்சு. பிரிந்தவளை மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனதும் கமுக்கம்தான். ஜன்னல் வழியாகப் பையை உள்ளே நீட்டினார்.

"மாத்திரையை மறக்காதீங்க," என்றாள் அக்கா.

பஸ் கிளம்பியது. குன்றுச் சாலையின் வளைவைத் தாண்டுவதற்குள் எழுந்து கண்டக்டரிடம் போய்விட்டாள். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்பத்தானம்மா ஏறினீங்க. உட்காருங்க," என்றார் அவர்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.