ஒன்பதாம் வீட்டு வாசிப்பு

பேரித்தோட்டத்து லைனில் பன்னிரண்டு வீடுகள் உண்டு, பேரி மரம் ஒன்றுகூட இல்லை. இருந்தவற்றை எப்போதோ வெட்டி எரித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் மிதித்து, சாக்லேட் வாங்கி, தொப்பி வாங்கி, இறங்கிப் போய்விடுவார்கள். இந்த லைனை எட்டிப் பார்க்கிறவர் யாருமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க லைன்காரர்களே ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வந்தால் எட்டிப் பார்க்க வேண்டிய சிரமமும் இல்லை. அன்றிலிருந்து இருபத்து மூன்று வரைக்கும் லைனில் வாசிப்பு. நாளுக்கு ஒரு வீடு, வரிசைப்படி. ஒரே நாவல், பன்னிரண்டு பங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு, மூடுபனி படிக்கட்டில் ஏறி வரும்போது, வீட்டுக்கு ஒரு சீகை மரத்து விறகும் ஆளுக்கு ஒரு தம்ளருமாக எல்லாரும் அன்றைய வீட்டுக்குப் போவார்கள். பாதியாக அறுத்த தார் டிரம்தான் கணப்பு. வருகிறவர் விறகை அதில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் சுக்குக் காபியும் பலகாரமும் தர வேண்டும். வீட்டுக்காரர் தன் விறகை மட்டும் அன்றைக்கு வைக்கக் கூடாது. வைத்தால் ஆள் வராத வீடு என்று பெயராகிவிடும். அந்தப் பெயர் வந்தால் மாரியாத்தாளே வந்து துடைத்தாலும் போகாது.

லைனில் நாலு வீடுதான் கிறிஸ்தவர்கள். மற்ற எட்டு வீட்டுக்கும் இதில் என்ன சோலி என்று ஒரு தடவை புதிதாகக் குடிவந்தவர் கேட்டதற்கு மூன்றாம் வீட்டுப் பெருமாயி சொன்னாள்: "கிறிஸ்துமஸ் நாலு வீட்டுக்கு. குளிரு பன்னெண்டு வீட்டுக்கும்."

புத்தகம் கைமாறுவதற்கும் முறை இருந்தது. இன்றைக்கு வாசிப்பு நடந்த வீட்டார் மறுநாள் அடுத்த வீட்டு வாசலில் நின்று, தம் கையால் கொடுக்க வேண்டும். இன்னொருவரிடம் கொடுத்துவிடக் கூடாது, ஜன்னலில் வைத்துவிட்டு வரக் கூடாது.

இந்த வருஷம் லைனுக்கே தூக்கம் போனது இதனால்தான். எட்டாம் வீடு தமிழ்மதி வீடு. ஒன்பதாம் வீடு அன்னக்கொடி வீடு.

ஆகஸ்டில் அன்னக்கொடியின் மகன் அருண்பாண்டியன் ஓட்டிப் போன ஜீப் அடுக்கம் ரோட்டில் உருண்டது. பெரியகுளத்துக்குச் சும்மா கூடப் போன ராஜமுருகன் அங்கேயே இறந்துபோனான். ராஜமுருகன் தமிழ்மதியின் புருஷன். அருண்பாண்டியனுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும் உடைந்தது. மூடுபனி என்று ஒரு கட்சி, வேகம் என்று ஒரு கட்சி, போன் பேசினான் என்று ஒரு கட்சி. தண்ணி போட்டிருந்தான் என்று சொன்ன நாலாவது கட்சிக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் அவர்கள் கலையவில்லை. உண்மை அன்னக்கொடிக்குத் தெரியும். சுதந்திர தினத்தை ஒட்டிய லீவுக் கூட்டம், மூன்று நாளாகத் தூங்காமல் ஓட்டியவன், வளைவில் கண்ணசந்துவிட்டான். அவளிடம் மட்டும் சொல்லி அழுதான். ஜாமீனில் வந்த மறுநாள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் லைனுக்குத் திரும்பவே இல்லை.

"எப்பப்பா வருவே?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றியவன், டிசம்பர் பிறந்ததும் ஒரு பதில் சொன்னான். "நம்ம வீட்டு வாசிப்புக்கு லைன்ல எல்லாரும் வர்றாங்களான்னு பாரும்மா. அவங்க வந்தா நானும் வர்றேன். வரலேன்னா என்னைய வரச் சொல்லாத."

அன்னக்கொடி இதைத் தனக்குள் வைத்திருக்க வேண்டியவள். பூண்டுக் கொட்டகையில் பூண்டின் காய்ந்த தாளை அறுக்கும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டாள். அன்னக்கொடி பூம்பாறையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வெள்ளந்தி. மத்தியானம் சொன்னது சாயங்காலம் பெருமாயிக்குத் தெரிந்தது. பெருமாயிக்குத் தெரிந்த பிறகு யாருக்கும் தெரியாமலிருக்க வழியில்லை.

வாசிப்பு தொடங்கியது. இந்த வருஷத்து நாவல், ஒரு மாமியாரும் நாலு மருமகள்களும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு கல்யாணப் பட்டுச் சேலைக்காகப் படுகிற பாடு. நூலகத்தில் வேலை பார்க்கும் லாவண்யாதான் எடுத்து வந்தாள், அவள்தான் உரக்கப் படிப்பாள். மாமியார் பேசும்போது குரலை மாற்றுவாள். அதற்காகவே லைனில் ஆண்களும் வருவார்கள், பேப்பர் பார்க்க வந்ததுபோல ஓரமாக உட்காருவார்கள்.

அன்னக்கொடி எல்லா வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு நாளும் நல்ல காய்ந்த விறகாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வாசலோரம் உட்கார்ந்துகொள்வாள். காபி கொடுத்தார்கள். இரண்டாம் தடவை ஊற்ற வருகிறவர்கள் மட்டும் அவளிடம் வரும்போது கெட்டிலை நிமிர்த்திக்கொள்வார்கள். அவள் விறகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நம்ம வீட்டிலும் பதினொன்று விழுந்துவிட்டால் போதும், அதற்குமேல் என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டாள். விறகு கொண்டுவருகிறவர்கள் மன்னித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். லைனில் முப்பது வருஷம் குடியிருந்தும் லைன்காரர்களைத் தெரிந்துகொள்ளாதவள் அவள் ஒருத்திதான்.

பத்தொன்பதாம் தேதி எட்டாம் வீட்டுக்கு முறை. துக்க வீட்டில் வாசிப்பு வைப்பதில்லை, கணப்பும் மூட்டுவதில்லை. ஆனாலும் புத்தகம் ஒரு ராத்திரி அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பங்கும் சேர்த்து மறுநாள் ஒன்பதாம் வீட்டில் இரண்டு பங்காகப் படிக்கப்படும். ஏழாம் வீட்டார் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது தமிழ்மதி வாங்கிக் கக்கத்தில் இடுக்கி, கதவோரத் தூளியில் கிடந்த பிள்ளையைக் கையால் ஆட்டிக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

லைன் பற்றிக்கொண்டது.

"குடுப்பாங்கிற?"

"எப்பிடிக் குடுப்பா? நீ குடுப்பியா?"

"அடுப்புல போட்டாலும் போட்ருவா. நூலகத்துப் புத்தகம், லாவண்யாதான் தண்டம் கட்டணும்."

"அதவிடு, பட்டுச்சேல யாருக்குன்னு தெரியாமப் போயிருமேடி."

மறுநாள் அன்னக்கொடி வெள்ளனே எழுந்து வீட்டைக் கழுவினாள். நாலு மாதமாகச் சாத்தியிருந்த முன்னறை ஜன்னலைத் திறந்தாள். அச்சு முறுக்குச் சுட்டாள். அச்சு பெருமாயியிடம் இரவல் வாங்கியது, அதனால் எத்தனை முறுக்கு என்பதுவரை லைனுக்குத் தெரியும். டிரம்மைத் துலக்கி நடுவில் வைத்தாள். பாய் விரித்தாள். பிறகு வாசற்படியில் வந்து நின்றாள்.

பத்து மணிக்குத் தமிழ்மதி வரவில்லை. பன்னிரண்டுக்கு வரவில்லை. எட்டாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் நடுவில் ஆறு படிக்கட்டு. அன்றைக்கு லைனில் எல்லாருக்கும் அந்தப் படிக்கட்டுப் பக்கமாகவே சோலி இருந்தது. தண்ணீர் பிடிக்க ஒருத்தி, கோழியைத் தேட ஒருத்தி, கோழியே இல்லாத இன்னொருத்தி அவளுக்குத் துணை. மூன்று மணிக்குப் பெருமாயி அச்சைத் திரும்ப வாங்குகிற சாக்கில் வந்தாள்.

"என்ன மதினி, இன்னும் வரக்காணமே?"

"பிள்ள தூங்கிருக்கும் மதினி. எந்திரிச்சதும் வருவா."

"அம்புட்டு நேரமா ஒரு பிள்ள தூங்கும்?"

அன்னக்கொடி அச்சைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். ஒரே அச்சை அவள் மூன்று தடவை துடைத்ததாகப் பெருமாயி அன்றைக்கே நாலு வீட்டில் சொல்லியாயிற்று.

நாலரைக்கு மூடுபனி ஏறத் தொடங்கியது. எதிர்வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டாரில் விளக்கு எரிந்தது. அன்னக்கொடி உள்ளே போய்க் காலி டிரம்மைப் பார்த்தாள். பின்கட்டில் அவளுடைய விறகு அடுக்கு இருந்தது. இரண்டு கட்டையை எடுத்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. எடுக்கப் போய், நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

சரியாக ஐந்து மணிக்கு எட்டாம் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் விறகு, இடுப்பில் பிள்ளை. தமிழ்மதி ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அவள் பின்னால், எங்கிருந்து முளைத்தார்கள் என்று தெரியாதபடி, லைன் முழுவதும் விறகும் தம்ளருமாக வந்தது. நாலு மாதமாக அன்னக்கொடி வீட்டுப் பக்கம் காறித் துப்பியவர்களும் வந்தார்கள். என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டாமா?

வாசலில் தமிழ்மதி நின்றாள். மற்றவர்கள் ஆறு படி தள்ளி மரியாதையாக நின்றார்கள். காது மட்டும் முன்னால் இருந்தது.

"அத்தே" என்றாள் தமிழ்மதி.

ஆகஸ்டுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. அன்னக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வா ஆத்தா, உள்ள வா."

"வர்றேன். இதச் சொல்லிட்டு வர்றேன்." குரல் தாழ்ந்திருந்தது. படிக்கட்டில் நின்றவர்களுக்கு எட்டவில்லை. "அவன் வரப்போறான்னு பேசிக்கிறாங்க. வரட்டும், அவன் வீடு. யாரும் தடுக்க முடியாது. ஆனா அவன் இந்தப் படியேறுற அன்னைக்கு நான் பிள்ளையத் தூக்கிட்டு எறங்கிருவேன். அடுக்கத்துல எங்கண்ணன் வீட்ல மாட்டுக்கொட்டாய ஒட்டி ஒரு ரூம் கெடக்கு. அண்ணி சும்மா இருக்க மாட்டா, தெரியும். அங்கதான் போகணும். அந்த ரோட்டு வழியாத்தான் போகணும்."

"தமிழு..."

"கோவத்துல சொல்லல அத்தே. கோவமெல்லாம் தீந்துபோச்சு. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அடுத்த வீட்ல இருக்க என்னால முடியாது. அம்புட்டுத்தான். இந்தாங்க."

புத்தகத்தை நீட்டினாள். அன்னக்கொடி இரண்டு கையாலும் வாங்கினாள். தமிழ்மதி உள்ளே வந்து, தன் விறகை டிரம்முக்குள் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

பெருமாயி அடுத்த நொடி அன்னக்கொடியின் தோளருகே இருந்தாள். "என்ன மதினி சொன்னா? திட்டுனாளா?"

"வெரசா ஆரம்பிக்கச் சொன்னா."

விறகுகள் விழுந்தன. பதினொன்று. லைனில் அந்த வருஷம் வேறு எந்த வீட்டிலும் பதினொன்று விழவில்லை. ஏதாவது ஒரு வீட்டில் காய்ச்சல், சண்டை, சீரியல் என்று குறைந்துகொண்டே இருந்தது. தீ நின்று எரிந்தது. லாவண்யா பாயில் சம்மணமிட்டு மாமியார் குரலில் தொடங்கினாள். இரண்டாவது மருமகள் பட்டுச் சேலையைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்துவைக்கும் இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்மதியின் பிள்ளை ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தது.

ஆறு மணிக்கு அன்னக்கொடியின் போன் அடித்தது. அவள்தான் அந்த நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தாள். போனை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள்.

"அம்மா. வந்தாங்களா?"

புல்லெல்லாம் பனியில் நனைந்திருந்தது. அவள் காலில் செருப்பில்லை.

"அம்மா?"

"வரலய்யா."

அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் வீட்டுக்குள்ளிருந்து பெரிய சிரிப்பொன்று எழுந்தது.

"சத்தம் கேக்குதே?"

"டீவி. தனியா இருக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, போட்டுவிட்டேன்."

"ஒருத்தருமா வரல? பெருமாயி அத்த?"

"அவளும் வரல."

"புத்தகமாவது குடுத்தாங்களா?"

அன்னக்கொடி குழாயைப் பிடித்துக்கொண்டாள். "இல்லப்பா. ஒம்பதத் தாண்டிப் பத்துக்குப் போயிருச்சு."

அவன் சாதாரணமாகச் சொன்னான்: "சரிம்மா. நாலு நாள் லீவு கேட்டிருந்தேன். வேணாம்னு சொல்லிர்றேன். நீ சாப்டியா?"

"சாப்ட்டேன். நீ அங்கேயே இருய்யா. அங்கேயே ஒரு நல்ல இடமாப் பாத்து இருந்துக்க. இங்க எதுக்கும் வர வேணாம்."

"பொங்கலுக்கு?"

"வேணாம்."

போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவினாள். டிசம்பர்க் குழாய்த் தண்ணீர் முகத்தில் பட்டால் யாருக்கும் கண் சிவக்கத்தான் செய்யும். கெட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒவ்வொரு தம்ளராக ஊற்றிக்கொண்டு போனாள். தமிழ்மதியிடம் வந்தபோது குனிந்து, கெட்டிலின் ஆவிக்குள் சொன்னாள்:

"அவன் வரமாட்டான். இனிமே வரமாட்டான். நீ நிம்மதியா இரு."

தமிழ்மதி நிமிர்ந்து பார்த்தாள். தம்ளரை நீட்டினாள். அன்னக்கொடி நிறைய ஊற்றினாள்.

இரண்டு பங்கும் முடிய ஏழரை ஆயிற்று. பட்டுச் சேலை இன்னும் தவிட்டுப் பானையில்தான் இருந்தது. முறுக்கு நன்றாக இருந்ததாக எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், உப்பு ஒரு கல் கூடுதல் என்று பத்தாம் வீட்டார் மட்டும் சொன்னார்கள். தம்ளர்களைக் கவிழ்த்து உதறிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பெருமாயி கடைசியாகக் கிளம்பினாள். அவள் முகத்தில், கறி போடுவார்கள் என்று போன இடத்தில் தயிர்ச்சாதம் கிடைத்த சோர்வு.

"நல்லபடியா முடிஞ்சிருச்சு மதினி" என்றாள். "நாங்கூட என்னமோ நடக்கப்போகுதுன்னு நெனச்சேன். ஒண்ணுமே நடக்கல."

"ஆமா மதினி" என்றாள் அன்னக்கொடி, பாயைச் சுருட்டிக்கொண்டே. "ஒண்ணுமில்ல."