இரண்டு முளைப்பாரிகள்

செல்லக்கனி கொடைக்கானல் மலையிலிருந்து பிறந்த ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு சாக்கு மண் இருந்தது. முளைப்பாரிக்கு மலை மண் நல்லது என்று அவள் சொன்னதை அண்ணன் ராஜதுரை அப்படியே நம்பினான். ஏன் நம்பமாட்டான்? தான் செய்ததை அவன் மறந்தே போயிருந்தான், பாவி.

அவள் மறக்கவில்லை. போன வருடம் அவளுடைய மூன்று அடுக்குப் பூண்டுத் தோட்டத்துக்கு உரம் அனுப்பியது, தூத்துக்குடியில் மீன் உரக் கிடங்கு வைத்திருக்கும் இந்த அண்ணன்தான். எடை கூட்டுவதற்காகக் கருவாட்டுக் களத்து உப்பையும் வழித்து மூட்டையில் போட்டுவிட்டான். முளைத்த பூண்டெல்லாம் நுனி கருகிச் செத்தது. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் போனில் அழுதாள்.

"உரத்துல ஒரு கொறையுமில்ல. ஒனக்குக் கைராசி கெடையாதுளா" என்றான். அதோடு விட்டானா? அவள் மாமியாரிடமும் அதையே சொன்னான். மாமியார் அவனைத்தான் நம்பினாள். அன்றிலிருந்து ஒரு பூண்டுப் பல்லைக்கூட அவளைத் தொடவிடவில்லை. பாடுபட்டுத் திருத்திய தோட்டத்தில் விதைக்க ஆகாதவளாம்!

இந்த வருடம் கொடைக்கு ராஜதுரைதான் தலைவர். வீட்டில் பிறந்தவள் என்ற உரிமையில் அவன் வீட்டுப் பாரியைச் செல்லக்கனியே போட்டாள், அந்தச் சாக்கு மண்ணில். தன் பெயருக்கும் ஒன்று போட்டாள், குளத்து வண்டலில். இரண்டுக்கும் ஒரே பயறு. கோயில் இருட்டறையில் தினமும் அவளே நீர் தெளித்தாள். அண்ணன் பானையில் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு ருசித்தது.

எட்டாம் நாள் காலை ஊர் கூடி நிற்கப் பாரிகளை வெளியே எடுத்தார்கள். செல்லக்கனியின் பாரி சாண் உயரம் அடர்ந்து நின்றது. தலைவர் வீட்டுப் பானை மொட்டை. பெண்கள் குலவையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏளா, என்னத்தப் போட்டு வச்ச?" ராஜதுரை கத்தினான்.

"மண்ணுதாம்ணே. நீ அனுப்புன உரம் போட்ட என் தோட்டத்து மண்ணு."

பூசாரி மனைவி முருகேஸ்வரி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். தூவென்று துப்பினாள். "அடப்பாவி, உப்பால்லா கரிக்கி!"

ராஜதுரை தங்கச்சியின் காதருகே குனிந்தான். "மானத்த வாங்காத தாயி. உப்பக் கலந்தது தப்புதாம்."

"மெதுவாச் சொன்னா எப்படி?" செல்லக்கனி போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். "மலையில எங்க மாமியா லைன்லதாம் இருக்காவ. சத்தமாச் சொல்லு."

சொன்னான். ஊருக்கே கேட்டது.

செல்லக்கனி தன் பாரியைத் தலையில் ஏற்றினாள். மறுபடியும் குலவை எழும்பியது. மொட்டைப் பானையைத் தொட எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. கொடைத் தலைவர் அதைத் தானே தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.