மெத்தையின் பேட்டி

அந்த ஊரில் எந்தப் பொருளும் வானொலியில் பேட்டி கொடுத்த பிறகுதான் விற்பனைக்கு வரும். மிக்சியானாலும் சரி, முறமானாலும் சரி, தன்னைப் பற்றித் தானே பேச வேண்டும். சொதப்பினால் மூன்று வருடம் கடையைத் திறக்க முடியாது.

மெத்தைக் கடை வைத்திருந்த தெய்வநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. மூன்று வருடம் மூடிவிட்டு மறுபடி திறக்கும் வயதல்ல. அதனால் தன் இலவம்பஞ்சு மெத்தையை எதிரே உட்காரவைத்து ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார். இருபத்தொரு கேள்விகள், இருபத்தொரு பதில்கள். மெத்தை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தது. முதுகுவலி பற்றிய பதிலில் மட்டும் கொஞ்சம் திக்கியது.

“போதும் விடுங்க. பாவம், அதுக்கு வேர்க்குது” என்றாள் அவர் மனைவி பூங்கோதை.

“வேர்த்தா வெயில்ல போட்டுக்கலாம். தோத்தா நாம எங்க போறது?”

சொல்லிவிட்டு யோசித்தார். மெத்தை ஒருநாளும் தன்னை ‘உலகத் தரம்’ என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தன்னைப் பற்றித் தான் சொல்லிவந்தவையும் யாரோ சொல்லிக்கொடுத்தவைதானோ என்று தோன்றியது. அந்தக் கேள்வி இருபத்தொன்றில் இல்லை.

பேட்டி எடுப்பவர் மரகதவல்லி. போன வாரம்தான் ஒரு மிக்சியை அழவைத்திருந்தார். மணிக்கூண்டு காலை பதினொன்று அடித்ததும், மெத்தையின் பக்கம் மைக்கை நகர்த்தினார்.

“வணக்கம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

மெத்தைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒலிபரப்பு அறையின் சத்தம் புகாத கண்ணாடிக்கு வெளியே நின்ற தெய்வநாயகம் முதல் பதிலை வாயசைத்துக் காட்டினார். மெத்தை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“காலையில எத்தனை மணிக்கும்மா எழுந்தீங்க?” என்று கேட்டது.

“நாலு மணிக்கு” என்றார் மரகதவல்லி. “பத்தொன்பது வருஷமா நாலு மணிதான். கேள்வியெல்லாம் எழுதணுமில்ல?”

“நாளைக்கு எழுதிக்கலாம்.”

அந்த அறையில் இதுவரை யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை. முழங்கால் வலி, மகளின் பரீட்சை, ஒழுகும் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மெத்தை ‘ம்’ போட்டது. பதினொன்று இருபதுக்கு அதன்மேல் தலை சாய்த்தார். மீதி நாற்பது நிமிடமும் அவருடைய மூச்சுதான் ஒலிபரப்பானது. கேட்டுக்கொண்டிருந்த ஊர் முழுவதும் இருந்த இடத்திலேயே தூங்கியது. பன்னிரண்டு மணிக்கு மணிக்கூண்டு அடிக்கவில்லை.

தெய்வநாயகம் பதில் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாலையில் மரகதவல்லி எழுந்து, சீட்டில் ‘தேறியது’ என்று எழுதி, நிதானமாகக் கொட்டாவி விட்டார்.

மறுநாள் காலை பூங்கோதை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏங்க, சீக்கிரம் வாங்க. வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்குது.”

வரிசையில் முதல் ஆளாக மணிக்கூண்டு வந்திருந்தது. கடைப் பலகையில் இடிக்காமலிருக்க லேசாகக் குனிந்திருந்தது.

“எழுபது வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன் தம்பி” என்றது.

“ஒத்தையா, ரெட்டையா?”

“ஒத்தை போதும். நீளம்தான் கொஞ்சம் கூட வேணும்.”

தெய்வநாயகம் அளவு நாடாவை எடுத்தார். பூங்கோதை ஏணியைக் கொண்டுவந்து அதன்மேல் சாய்த்து வைத்தாள்.