இருபத்துநாலுக்கு மட்டும் தாமதம்

சிவகாசி ஆபீசில் எந்த மேஜை எண்ணை அழுத்தினாலும் உடனே மணி அடிக்கும். தாயில்பட்டி பட்டாசு ஃபேக்டரியில் மேனேஜர் அறையான இருபத்துநாலுக்கு மட்டும் அப்படி இல்லை. அழுத்தியபின் காதில் வெறும் நிசப்தம். லைன் போய்விட்டதோ என்று ரிசீவரை வைக்கப் போகும்போதுதான் மறுமுனையில் மணி அடிக்கும். ஃபேக்டரிக்குள் செல்போனுக்குத் தடை என்பதால் வெளியிலிருந்து வரும் பேச்செல்லாம் ஆபீஸ் டெலிபோன் போர்டில் இருக்கும் ஷாஹிதா வழியாகத்தான் போகும்.

அந்த நிசப்தம் முதலாளி மணிகண்டராஜின் மனத்தில் புழுவாய்க் குடைந்தது. சீசன் ஆர்டர்கள் சில கடைசி நேரத்தில் வேறு கம்பெனிக்குப் போயிருந்தன.

“அந்த நேரத்துலதான் யாரோ லைன்ல ஏறுறாக, மாமா. போர்டுல இருக்கவுகளுக்குத்தானே ஒட்டுக்கேட்க வசதி?” என்றான் மேனேஜர் விக்னேஷ்வரன். முதலாளியின் மச்சினன் அவன். ஷாஹிதாவின் தம்பி அன்வர் ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் அட்டைப்பெட்டி போடுகிறவன். அவளைச் சந்தேகப்பட முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் அடிக்கடி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் பக்கத்தில் வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருநாள் அவளே முதலாளியிடம் போனாள்.

“விருதுநகர்லருந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்க முதலாளி. நான் ஒட்டுக்கேக்குறேனான்னு உங்க முன்னாலயே பாக்கட்டும்.”

வந்த மெக்கானிக் ஊர்க்காவலன் ஸ்பீக்கரைப் போட்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்திப் பார்த்தார். இருபத்துநாலில் வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“யாரும் ஒட்டுக்கேக்கல. இன்னொரு எண்ணும் அழுத்துவீகளோன்னு மிஷின் காத்திருக்கு. இருபத்துநாலுல ஆரம்பிக்கிற மூணு இலக்க நம்பர் ஏதும் வச்சிருக்கீகளா?”

“எங்ககிட்ட எல்லாமே ரெண்டு இலக்கந்தான்” என்றாள் ஷாஹிதா.

“அப்ப யாரோ சேத்திருக்காக.”

இருநூற்று நாற்பத்தொன்றிலிருந்து ஒவ்வொன்றாக முயன்றார்கள். இருநூற்று நாற்பத்தேழில் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

“மேனேஜர் ஐயாவா? வெடிமருந்து தீந்துபோச்சு. அந்தக் கம்பெனி லேபிளும் இன்னும் வரல. எல்லாரும் சும்மா உக்காந்திருக்கோம்.”

ஷாஹிதா குரலைத் தாழ்த்தினாள். “நான் ஆபீசுல புதுசுக்கா. நீங்க எங்கனருந்து பேசுறீக?”

“ஏழாயிரம்பண்ணை ரோட்டு ஷெட்டுலருந்துதான். மாரித்தாயின்னு சொல்லுங்க, அவருக்குத் தெரியும்.”

அந்த ரோட்டில் கம்பெனிக்கு ஷெட் எதுவும் கிடையாது. லைசென்ஸ் இல்லாத இடத்தில் பெண்களை உட்காரவைத்து, கைமாறிய ஆர்டர்களை வேறு பெயரில் செய்துகொண்டிருக்கிறான் மச்சினன்.

“எனக்குத் தெரியாது” என்றார் முதலாளி. அவரை யாரும் கேட்கவில்லை. ஷாஹிதா அவர் முகத்தையே பார்த்தாள். நெற்றி வியர்த்திருந்தது. அது அதிர்ச்சியா, அகப்பட்டுக்கொண்ட பயமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

“நம்பரை அழிச்சிரட்டுமா? தாமதம் போயிரும்” என்றார் ஊர்க்காவலன்.

“அழி, அழி” என்றார் முதலாளி.

“வேணாம்” என்றாள் ஷாஹிதா, ரிசீவரை எடுத்துப் பொத்திக்கொண்டு. “மொதல்ல அவுக வெளிய வரட்டும். அங்கன வேற போன் இருக்கான்னு யாருக்குத் தெரியும்?” பிறகு ரிசீவரில், “அக்கா, எதையும் தொடாம எல்லாரையும் கூட்டிட்டு ரோட்டுக்கு வந்துருங்க. வேன் வருது” என்றாள்.

“யாரு சொல்றது?” மாரித்தாயின் குரலிலும் சந்தேகம்.

ஷாஹிதா ரிசீவரை முதலாளியிடம் நீட்டினாள். அவர் தயங்கினார். அவள் கையை இறக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார்.

“மணிகண்டராஜ் பேசுறேன். வெளிய வாங்கம்மா.”

அன்று மாலை அதிகாரிகள் வந்து ஷெட்டைப் பூட்டினார்கள். விக்னேஷ்வரன் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தான். அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னது தான்தான் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சொன்னவள் ஷாஹிதா. அவள் அதை மறுத்துப் பேசவில்லை. அவரும் அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு பெண் ஆபீஸ் வாசலில் நின்று, “இங்கன வேலை ஏதும் இருக்குமாம்மா?” என்று கேட்டாள். குரலைக் கேட்டதும் ஷாஹிதாவுக்குத் தெரிந்துவிட்டது.

“உக்காருங்க மாரித்தாயக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, முதலாளி அறைக் கதவைத் தட்டினாள்.