சகலனைவிட இரண்டு லைட் கூட

என் சகலன் யசீகரன் வெஸ்ட்கேட்டில் கார் கழுவும் கடை திறந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. பொறாமைதான், அதை மறைத்து என்ன செய்ய? இதே நகரத்தில், ஒனிஹங்காவில் பதினொரு வருஷமாகக் கார் கழுவுகிறவன் நான். அவன் நேற்று வந்தவன். ஆனால் என் மனைவி கஜானி வாயைத் திறந்தால், தங்கச்சி புருஷன் கடையில் பகல் மாதிரி வெளிச்சமாம், கரண்டும் பாதிதான் போகுதாம்.

வெளிச்சத்தில் என்ன இருக்கிறது, வேலையில் அல்லவா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கடையில் பழைய மஞ்சள் விளக்குகள். சுவிட்சைப் போட்டால் முழுதாக எரிய ஐந்து நிமிஷம் எடுக்கும்.

பிறகு ஒருநாள் செல்வராஜ் கதைவாக்கில், வெஸ்ட்கேட்டையும் ஒருக்கால் பார்க்கப் போவதாகச் சொன்னார். செல்வராஜ் மதுரைக்காரர், பழைய கார் விற்கிறவர். கிழமைக்கு இருபது கார் எனக்கு அனுப்புகிறவர். அவர் போனால் கடையில் மிஞ்சுவது நானும் தண்ணிக் குழாயும்தான்.

என்ன லைட் என்று யசியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்பேனா நான்? அவன் கடையில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, கஜானியின் காரைக் கொண்டுபோய் அங்கேயே கழுவக் கொடுத்தேன். அவன் ஆட்கள் கழுவும்போது நான் லைட்டுகளை எண்ணினேன். ஒரு காருக்கு நான்கு. தண்ணீர் புகாத எல்.ஈ.டி. தலைக்கு மேல் இல்லை, இரண்டு பக்கச் சுவரிலும் சாய்த்துப் பூட்டியிருந்தான். லைட்டின் பெயரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன்.

எலெக்ட்ரீஷியன் நான்கு போதும், அதற்கு மேல் போட்டால் கரண்ட்தான் வீண் என்றான். ஆறு பூட்டச் சொன்னேன்.

ஜூன் மாத வெள்ளிக்கிழமை, இங்கே குளிர்காலம், ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. கஜானி பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டினாள். செல்வராஜை அழைத்திருந்தேன். யசியையும் வேண்டுமென்றே அழைத்தேன், அவனும் கொஞ்சம் எரியட்டும் என்று. செல்வராஜின் கறுப்புக் கார் ஒன்றைப் பழைய விளக்கிலேயே கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தேன். எல்லோரும் வந்ததும் புது சுவிட்சைப் போட்டேன்.

கதவுகளின் கீழ்ப்பாதி முழுக்கச் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றித் துணி படாத இடமெல்லாம் சேறு. நான் கழுவிய கார்தான். இவ்வளவு காலமும் இப்படித்தான் கழுவியிருக்கிறேன்.

புது லைட், கண் கூசுகிறது, அதுதான் அப்படித் தெரிகிறது என்று ஏதோ உளறினேன்.

செல்வராஜ் மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்ககிட்ட இருந்து வர்ற கார எல்லாம் எங்க ஆளுங்க இன்னொரு தடவ துடைப்பாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். வெஸ்ட்கேட் போலாம்னு நினைச்சது லைட்டுக்காக இல்ல."

யசி வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, குந்தியிருந்து, கதவின் அடியைத் துடைக்கத் தொடங்கினான். ஒரே இழுப்பு, பிறகு துணியை மடித்து அடுத்த பக்கம். அவன் கை போன இடத்தில் காரின் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அவன் லைட்டுகளைப் பார்த்து நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. அந்தக் கையைப் பார்த்தபோது வந்ததே, அதுதான் பொறாமை.

"விடும் யசி, நான் துடைக்கிறன்" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை. முடிஞ்சுது."

செல்வராஜ் அவனிடம், கிழமைக்கு இருபது கார் எடுக்க முடியுமா என்று கேட்டார். யசி எழுந்து நின்று என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்றால் அவன் வேண்டாம் என்பான், அது எனக்குத் தெரியும்.

"ஓம் எண்டு சொல்லும்" என்றேன். சொல்லும்போது வயிறு பற்றி எரிந்தது.